வில்லாவின் பின்கதவு

கேரளத்து இடுக்கி மலையிலிருக்கும் சாந்தன்பாறைக்கும் கடலுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. பக்கத்துப் பூப்பாறை வழியாகப் போகிற கொச்சி–தனுஷ்கோடி சாலைக்கு இரண்டு முனையிலும் கடல் உண்டு. நடுவில் மாட்டிக்கொண்ட ஏலமலைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அப்படியிருந்தும் நான் தங்கிய வில்லாவில் என் அறைக்குப் பெயர் 'கடல் பார்த்த அறை'. பித்தலாட்டம் என்று நினைத்துவிடாதீர்கள்! விடிகாலையில் திரையை விலக்கினால், எதிரே கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க மேகம் தளும்பிக் கிடக்கிறது. போடி, தேவாரம், கோம்பை எல்லாம் அதற்கடியில். மலை முனைகள் மட்டும் தீவு தீவாகத் தலைநீட்டுகின்றன. வெயில் ஏறினால் கடல் வற்றி, தேனி மாவட்டம் வயலும் தென்னந்தோப்புமாகத் திரும்ப முளைத்துவிடும்.

இதைப் படமெடுக்க ஆயிரம் செல்போன்கள் வருகின்றன. எனக்கு வேறு ஆசை. வில்லாவின் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும்! மேனேஜரிடம் கேட்டேன். "அங்க என்ன மேடம் இருக்கு, புகையும் சேறும்தான்" என்றார். புகையும் சேறுமா? இதைவிட நல்ல அழைப்பு வேண்டுமா என்ன!

முன்பக்கத்தை ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுகிறேன். மரத்தரை, கண்ணாடிச் சுவர், பள்ளத்தாக்கைப் பார்த்தபடி குளியல் தொட்டி, கூப்பிடாமலே வருகிற ஏலக்காய்த் தேநீர், யாரும் யாரையும் சத்தம்போட்டுக் கூப்பிடாத அமைதி. போதும், பின்னால் போவோம்.

முதலில் ஒரு மர்மத்தைத் தீர்க்க வேண்டியிருந்தது. மெத்தை விரிப்பில் ஏலக்காய் மணந்தது. தலையணை உறையில், துவாலையில், குளித்துவிட்டுப் போர்த்துகிற அங்கியில்கூட. ஏதோ விலையுயர்ந்த தைலம் தெளிக்கிறார்கள் என்று பக்கத்து அறைத் தம்பதி அடித்துச் சொன்னார்கள். விடை, பின்கதவிலிருந்து கொஞ்ச தூரத்தில் தகரக்கூரை போட்ட கட்டடத்தில் இருந்தது. அதுதான் 'ஸ்டோர்'. பறித்த பச்சைக்காயை உலர்த்தும் இடம். மழைக்காலத்தில் இந்த மலையில் வெளுத்த துணி காய்வது நடக்காத காரியம். அதனால் ஸ்டோரின் வெளி அறையில் கொடி கட்டி, விரிப்புகளை வரிசையாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். அடுப்புச் சூடு துணியைக் காய வைக்கிறது. ஏலக்காய் தன் வாசத்தை இலவசமாகக் கொடுக்கிறது. அந்தத் தம்பதியிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை.

உள்ளே போனால், அடடா! சன்னலெல்லாம் அடைத்த இருட்டு. வெளிச்சம் பட்டால் காயின் பச்சை வெளுத்துவிடுமாம். நிறம் போனால் விலை போச்சு. தட்டுத்தட்டாகக் காயைப் பரப்பி, விறகடுப்பின் சூட்டைக் குழாய் வழியாகக் கொண்டுவருகிறார்கள். ஏறத்தாழ 50 டிகிரி வெப்பம், கிட்டத்தட்ட ஒரு நாள் முழுக்க. கூடினால் காய் வெடிக்கும், குறைந்தால் பூசணம். அதனால் ராத்திரி முழுக்க ஒருவர் அடுப்போடு உட்கார்ந்திருக்கிறார். நாமெல்லாம் போர்வைக்குள் 'ஆகா, என்ன அமைதி' என்று உருகிக்கொண்டிருக்கும்போது, இவர் விறகு தள்ளிக்கொண்டு பழைய இளையராஜா பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார். நூறு கிலோ பச்சைக்காய் போட்டால் இருபது கிலோ உலர்காய் தேறும். சூடு ஆறுமுன் தேய்த்துக் காம்பை உதிர்த்து, சலித்துத் தரம் பிரிக்கிறார்கள். எட்டு மில்லிமீட்டருக்கு மேல் இருக்கிற பெருங்காய்க்குத்தான் ராஜ மரியாதை. என் உள்ளங்கையில் நான்கைந்து வைத்தார் அடுப்புக்காரர். முதலாளியம்மா மாதிரி முகர்ந்து பார்த்துத் தலையாட்டினேன். எனக்கு ஒன்றும் தெரியாது என்று அவருக்குத் தெரியும்.

இங்கிருந்து சரக்கு ஏலத்துக்குப் போகிறது. இடுக்கியில் புற்றடி, மலைக்குக் கீழே போடிநாயக்கனூர் என்று நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் இரண்டு ஊர்களிலும் மாறி மாறி நடக்கும். 2019 ஆகஸ்டில் ஒரு கிலோ 7,000 ரூபாயைத் தொட்டதை இங்கே யாரும் மறக்கவில்லை. சமையல்காரச் சேட்டன்கூட அந்த வருஷத்தைச் சொல்லும்போது கரண்டியைக் கீழே வைத்துவிடுகிறார்.

இப்போது எனக்குப் பிடித்த இடம். காலையில் ஜீப்புகள் வந்து நின்றன. ஒரு ஜீப்பில் எத்தனை பேர் ஏற முடியும் என்று கேட்காதீர்கள், இறங்கிக்கொண்டே இருந்தார்கள். எல்லாம் தமிழ்ப் பெண்கள், போடிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள். விடியுமுன் சோறாக்கித் தூக்குவாளியில் போட்டுக்கொண்டு, போடிமெட்டின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் பனிமூட்டத்துக்குள் ஏறிக் கடந்து, ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு வேலைக்கு வருகிறார்கள், சாயங்காலம் திரும்புகிறார்கள்.

"காலையில மேகம் கடல் மாதிரி இருந்துச்சுக்கா, பாத்தீங்களா?" என்று நான் ஆர்வத்தில் அளந்தேன்.

"யாத்தே! அதுக்குள்ள இருந்துதானே நாங்க ஏறி வாரோம்" என்றார் ஓர் அக்கா. ஜீப்பே குலுங்கிச் சிரித்தது.

அவர்கள் பின்னாலேயே தோட்டத்துக்குள் போனேன். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்க்காது. அடித்தூரிலிருந்து சரம் கிளம்பித் தரையோடு படரும். அதில்தான் பூவும் காயும். ஆகவே குனிந்தோ குந்தியோதான் பறிக்க வேண்டும். விளைந்த காயை மட்டும் எடுத்துவிட்டு, பிஞ்சைத் தொடாமல் அடுத்த தூருக்கு நகர்கிறார்கள். ஏறக்குறைய நாற்பது நாள் கழித்து அதே தூருக்குத் திரும்ப வருவார்கள். பேசிக்கொண்டே, மருமகளைத் திட்டிக்கொண்டே, விரல் மட்டும் பார்த்துப் பார்த்துப் பறிக்கிறது. அட்டைக்கு மூக்குப்பொடி தடவச் சொன்னார்கள். தடவினேன். அட்டை விலகியதோ இல்லையோ, நான் வரிசையாகத் தும்மினேன். வில்லாவுக்கு வாங்குகிற வாடகையை இந்த ஒரு மணி நேரத்துக்கு வாங்கியிருந்தாலும் தந்திருப்பேன். தந்தால் அது அக்காக்களின் கைக்குப் போக வேண்டும் என்றும் சொல்லியிருப்பேன்.

சமையலறை ரகசியமும் ஒன்று உண்டு: அரிசி மூட்டை அங்கே கிடையாது. அன்றாடத்துக்கு வேண்டியது மட்டும் டப்பாவில். மிச்சம் கான்கிரீட் அறைக்குள், இரும்புக் கதவுக்குப் பின்னால். காரணம் யானை. சின்னக்கானல், பன்னியார்ப் பக்கம் ரேஷன் கடையை உடைத்து அரிசி தின்றே பெயர் வாங்கிய அரிக்கொம்பனை 2023 ஏப்ரல் 29-இல் மயக்க ஊசி போட்டுப் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். அடுத்த மாதமே அவர் கம்பம் தெருக்களில் நடந்துகொண்டிருந்தார்! ஜூனில் தமிழ்நாட்டு வனத்துறை பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்கு அனுப்பியது. ஏலத்தோட்டத்துக்கு அந்தப் பக்கம் மதிகெட்டான் சோலை. 2003-இல் தேசியப் பூங்காவான காடு. யானைக்கு எல்லைக்கல் படிக்கத் தெரியாது என்கிறார் சேட்டன், தேங்காய் துருவியபடி.

மனிதர்களுக்கும் இங்கே நிலம் சிக்கல்தான். எது காடு, எது பட்டா, பட்டா நிலத்தில் என்ன கட்டலாம் என்று வழக்கு மேல் வழக்கு. அப்போதைய ஆளும் கட்சி சாந்தன்பாறையில் கட்டிக்கொண்டிருந்த அலுவலகத்தையே 2023 ஆகஸ்டில் கேரள உயர் நீதிமன்றம் நிறுத்தச் சொன்னது. புது வில்லா கட்டுவது பற்றி மேனேஜரிடம் பேச்செடுத்தேன். உடனே எனக்கு இன்னொரு தேநீர் வந்தது.

பேச்சை மாற்றக் குறிஞ்சியைப் பற்றிக் கேட்டேன். அவ்வளவுதான், மனிதர் மலர்ந்துவிட்டார். 2022 அக்டோபரில் இங்கே கள்ளிப்பாறை மலையே நீலமாகிப் போனது. பார்க்க வந்த கூட்டத்தில் சாலையில் வண்டி நகரவில்லை. வரவேற்பறைப் பெண் உட்பட ஊழியர்களில் பாதிப்பேர் விடுப்புச் சொல்லாமல் மலையேறிவிட்டார்களாம். விருந்தினர்களுக்கு அன்று மேனேஜரே தோசை சுட்டிருக்கிறார். அதன் வடிவத்தைப் பற்றிச் சேட்டன் இன்னும் வாய் திறப்பதில்லை.

குறிஞ்சிக்குக் கணக்கு பன்னிரண்டு வருஷம். அப்படியானால் கள்ளிப்பாறையின் அடுத்த முறை 2034. "அப்ப எனக்கு அதே அறையை எடுத்து வைங்க" என்று விளையாட்டாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து தடித்த நோட்டொன்றை எடுத்து, பேனா மூடியைக் கழற்றினார்.

"அட்வான்ஸ் ஜிபேயா மேடம், கேஷா?"