தங்கத் தகடு பாடினால் இனிமை கூடுமா?

ஒரே பாட்டுக்கு இரண்டு விலை. ஒன்று சாதாரண சி.டி.; மற்றொன்று ஜப்பானிலிருந்து வரும் 'உயர்தர' சி.டி. விலையோ பல மடங்கு. மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் சங்கீதப் பிரியர் எதை வாங்குவது?

சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து வகுத்த சி.டி., 1982 அக்டோபரில் ஜப்பானில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. இதில் ஒலி விநாடிக்கு 44,100 தடவை அளக்கப்பட்டு, எண்களாக மாறி, நுண்ணிய குழிகளாகப் பதிகிறது. அந்த எண்களை லேசர் ஒளி படிக்கிறது.

உயர்தரத் தகடுகள் பல வகை. 'எஸ்.எச்.எம்.' தகட்டில் அதிகத் தெளிவான பிளாஸ்டிக். 2008இல் சோனி கொண்டுவந்த 'புளூ ஸ்பெக்' வகையில், மூல அச்சை நீல லேசர் வெட்டுகிறது. தங்கத் தகட்டில் அலுமினியத்துக்குப் பதில் தங்கப் பூச்சு, அது துருப்பிடிக்காது.

எல்லாம் சரி. ஆனால் சாதாரணத் தகட்டிலேயே பிழை திருத்தும் ஏற்பாடு உண்டு. சிறு கீறலால் விட்டுப்போன எண்களையும் கருவி கணக்கிட்டு மீட்டுவிடும். ஆகவே ஒரே மூலப் பதிவிலிருந்து செய்த இரு தகடுகளும் பழுதில்லாமல் இருந்தால், கிடைக்கும் எண்களும் ஒன்றே.

1999இல் வந்த 'சூப்பர் ஆடியோ சி.டி.' மட்டும் வேறு ஜாதி. அதன் பதிவு முறையே வேறு. தனிக் கருவியும் வேண்டும். அமெரிக்காவில் மேயர், மோரன் என்ற இருவர் இத்தகைய தகடுகளின் ஒலியை நேராகவும், சி.டி. தரத்துக்குக் குறைத்தும், எது எதுவென்று சொல்லாமல் கேட்கச் செய்தனர். 2007இல் முடிவு வெளியாயிற்று. 554 சோதனைகளில் சரியாகச் சொன்னது 276. பூவா தலையா போட்டாலும் ஏறக்குறைய இவ்வளவு வரும்!

அப்படியானால் விலை உயர்ந்த தகடு சிலவற்றில் பாட்டு நன்றாக இருப்பதேன்? மூலநாடாவைத் தேடியெடுத்து, பொறுமையுடன் ஒலியைச் சீர்செய்து பதிப்பதால்தான். ஜே.வி.சி.யின் 'எக்ஸ்.ஆர்.சி.டி.' இந்தக் கவனத்துக்கே பேர்போனது. மாறாக, 1990களிலிருந்து பல பதிவுகளை உரக்கக் கேட்கவேண்டும் என்று நெருக்கி இறுக்கிவிட்டார்கள். அவற்றைத் தங்கத்தில் அச்சிட்டாலும் பயனில்லை.

எனவே வாங்குவோர் உறையின் முன்பக்கப் பளபளப்பைப் பார்ப்பதோடு நில்லாமல், எந்த ஆண்டில், யார் ஒலி சீரமைத்தார்கள் என்பதைப் பின்பக்கத்தில் படித்துப் பார்க்க வேண்டும். மிச்சமாகும் பணத்தை நல்ல ஸ்பீக்கருக்குச் செலவிட்டால், வித்தியாசம் வீட்டில் எல்லோர் காதுக்கும் தெரியும்.