பழைய செய்தியைப் படிக்கும் கணிப்பொறி

கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் செல்லும் இருப்புப்பாதை ஒற்றைப் பாதை. காரமடைக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் இடையே எதிரெதிராக இரண்டு வண்டிகள் புகுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இதைத் தடுக்க, மாணவர்களே, நாமே ஒரு விதி செய்து பார்ப்போம். (ரயில்வேயின் உண்மையான முறை வேறு.) இரு நிலையங்களுக்கும் பொதுவாக ஓர் அறிவிப்புப் பலகை. அதில் இரண்டு பெயர்கள், எதிரே 0, 0. வண்டி அனுப்ப விரும்பும் அதிகாரி முதலில் தம் பெயருக்கு எதிரே 1 என்று எழுதவேண்டும். பிறகு மற்றவருடையதைப் பார்க்கவேண்டும். அது 0 ஆக இருந்தால் மட்டுமே வண்டி புறப்படலாம்.

இருவருமே 0 பார்க்க முடியுமா? எழுதுதல் இரண்டு, பார்த்தல் இரண்டு. இவை ஒன்றோடொன்று கலந்து நடக்கக்கூடிய வரிசைகள் 6. நோட்டில் எழுதிப் பாருங்கள். எந்த வரிசையிலும் கடைசிச் செயல் பார்த்தல்தான். அதற்குள் இருவரும் எழுதி முடித்திருப்பார்கள். ஆகவே ஒருவராவது 1 ஐக் காண்பார். விபத்து இல்லை.

ஆனால் இதே விதியைக் கணிப்பொறியில் இரண்டு கூறுகளாக ஓட்டினால், எப்போதாவது இரண்டுமே 0 என்று படித்துவிடும்!

காரணம் வேகம். செயலகத்தோடு ஒப்பிட்டால் நினைவகம் மிக மெதுவானது. எனவே செயலகம் எழுதவேண்டியதை ஒரு சிறு தாங்கியில் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறது. அதிகாரி சீட்டைப் பியூனிடம் கொடுத்துவிட்டு உடனே பலகையைப் பார்ப்பது போல! பியூன் இன்னும் பலகையை அடையவில்லை. இன்டெல் வகைச் செயலகங்களில் இது நடக்கும். கைப்பேசிகளிலுள்ள ஆர்ம் வகையில் தளர்வு இன்னும் அதிகம். சென்னை ஐ.ஐ.டி.யின் 'சக்தி' செயலகத்துக்கு அடிப்படையான ரிஸ்க்-ஃபைவ் விதிகளும் அப்படியே: ஒருவர் எழுதிய இரு செய்திகள் மற்றவருக்குத் தலைகீழ் வரிசையில் தெரிய அனுமதி உண்டு.

'அணுச் செயல்' என்று அறிவித்தால் போதாதா? அணுச் செயல் பாதியில் நின்று தெரியாது; அவ்வளவே. மற்றவருக்கு எப்போது தெரியும் என்பது தனிக் கேள்வி. 2011 இல் வெளிவந்த சி, சி++ தரங்களில், ஒவ்வோர் அணுச் செயலுக்கும் கண்டிப்பு எவ்வளவு என்று நிரலர் குறிக்கலாம். மிகக் கண்டிப்பானதைக் கேட்டால் நம் 6 வரிசைகள் மட்டுமே வரும். லாம்போர்ட் 1979 இல் வரையறுத்த ஒழுங்கு அது. ஆனால் வேகம் குறையும். தளர்த்தினால் ஆபத்து.

நிரலைப் பத்து லட்சம் முறை ஓட்டியும் பிழை தலைகாட்டாமல் போகலாம். ஆகவே பாவனைக் கருவி வேண்டும். அது ஒவ்வொரு நினைவிடத்துக்கும் கடைசி எண்ணை மட்டுமல்ல, எழுதப்பட்ட எல்லா எண்களையும் வரிசையாக வைத்திருக்கும். யாராவது படிக்க வந்தால், வேண்டுமென்றே பழையதையும் கொடுத்துப் பார்க்கும். ஒரு கட்டுப்பாடு: 1 ஐப் படித்துவிட்டவருக்கு அதே இடத்திலிருந்து பழைய 0 ஐத் தரக்கூடாது. நம் ரயில் கணக்கில் இருவருக்கும் 0 கொடுக்கும் முறை சில நொடிகளில் வந்துவிடும். விபத்து மேஜைமேலேயே நடந்துவிடுகிறது. வேண்டும்போது அதை மறுபடியும் நடத்திக் காட்டலாம்.

சி++ நிரல்களுக்கு 2013 இல் வந்த சிடிஎஸ்செக்கர் இப்படிப்பட்டது. ரஸ்ட் மொழிக்கு உள்ள கருவியின் பெயர் லூம், அதாவது தறி. இணையாக ஓடும் கூறுகளை அத்துறையில் 'நூல்' என்பார்கள். கொங்கு நாட்டவருக்கு இந்தப் பெயர்ப் பொருத்தத்தை விளக்க வேண்டுமா என்ன! ஆனால் எல்லாத் தளர்வுகளையும் தன்னால் காட்ட இயலாது என்று லூமின் கையேடே ஒப்புக்கொள்கிறது.

தொல்லை எண்ணிக்கையில் இருக்கிறது. இரு நூல்கள், ஒவ்வொன்றிலும் 10 செயல்கள் என்றால் வரிசைகள் 1,84,756. பழைய எண்களைச் சேர்த்தால் இன்னும் பெருகும். வெவ்வேறு இடங்களைத் தொடும் இரு செயல்கள் முன்பின்னாக மாறினாலும் விளைவு ஒன்றே. அத்தகைய வரிசைகளில் ஒன்றை மட்டும் சோதித்து வேலையைக் குறைக்கிறார்கள். அப்படியும் முழு வெற்றி கிடையாது. இடைப்பட்ட கண்டிப்பு ஒன்றின் கீழ், எந்த நிரலைக் கொடுத்தாலும் பிழை உண்டா இல்லையா என்று தவறாமல் தீர்ப்புச் சொல்லும் பொதுமுறை இருக்கவே முடியாது என்று மும்பை ஐ.ஐ.டி., ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019 இல் நிறுவினார்கள். அதனால் இத்தகைய கருவிகள், நிரலின் சுழல்களுக்கு ஓர் எல்லை வைத்து, அதற்குள் மட்டும் தேடுகின்றன.