பேரலைச் சுற்றி ஒரு வரப்பு



வரப்பு போடத் தெரியாத விவசாயி உண்டா? வயலுக்குப் போடும் அந்த வரப்பை டீசல் பேரலுக்கும் போடுங்கள் என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

மின் இணைப்பு இல்லாத ஆற்றோரத்திலும் ஏரிக்கரையிலும் ஆயில் இன்ஜின் வைத்துத் தண்ணீர் இறைக்கிறோம். பக்கத்திலேயே ஒரு பேரல் டீசல் நிற்கும். நான் வேலை பார்த்த வட்டாரத்தில், கிணற்று மேட்டில் நின்ற ஒரு பேரலின் அடித்தகடு துருப்பிடித்து, ராத்திரியோடு ராத்திரியாக ஒழுகிவிட்டது. விடிந்து பார்த்தால் தண்ணீர் மேல் மயில் கழுத்து நிறத்தில் படலம். மாடு வாய் வைக்கவில்லை. இறைத்து இறைத்துப் பார்த்தும் அந்தக் கோடை முழுக்க வாடை போகவில்லை.

'ஒரு பேரலுக்கு இவ்வளவு பயமா?'னு நீங்க கேட்கலாம். எண்ணெய் தண்ணீரைவிட லேசு. மிதக்கும், பரவும். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு கனத்துக்குப் பரவினால், ஒரே ஒரு லிட்டர் 1,000 சதுர மீட்டரை, அதாவது சுமார் 25 சென்ட் பரப்பை மூடிவிடும். காற்று தண்ணீரில் கரைவதை அந்தப் படலம் தடுக்கும். மீன் திணறும். வாத்தின் இறகில் ஒட்டினால் உடம்பு நனைந்து, குளிரில் விறைத்துப்போகும்.

பெரிய இடத்திலும் இதே கதைதான். 1988 ஜனவரி 2-ஆம் தேதி, அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகருக்கு அருகே, மோனங்காகீலா ஆற்றங்கரையில் ஒரு டீசல் தொட்டி பிளந்தது. அது ஒன்றரைக் கோடி லிட்டர் பிடிக்கும் தொட்டி. சுற்றிக் கரை இருந்தும், எண்ணெய் பொங்கி அதைத் தாண்டி, மழைநீர் வடிகால் வழியாக சுமார் 28 லட்சம் லிட்டர் ஆற்றில் கலந்தது. கீழே உள்ள ஊர்களின் குடிநீர் கெட்டது. காரணம் என்ன? வேறு இடத்தில் 40 வருஷம் இருந்த தொட்டியைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டியிருந்தார்கள். முழுக்கத் தண்ணீர் நிரப்பிச் சோதிக்கவில்லை.

இதிலிருந்து நாம் செய்ய வேண்டியவை:

1. பழைய பேரல் வாங்கினால், முழுக்கத் தண்ணீர் நிரப்பி ஒரு நாள் வைத்துப் பாருங்கள். கசியாவிட்டால், நன்றாக உலர்த்திய பிறகே டீசல் ஊற்றுங்கள்.

2. கிணறு, வாய்க்காலுக்குத் தள்ளி, மழைத் தண்ணீர் ஓடாத இடத்தில் வையுங்கள். செங்கல் மேல் நிறுத்தினால் அடியில் கசிவது கண்ணில் படும்.

3. சுற்றிலும் 4 அடிக்கு 4 அடி, முக்கால் அடி உயரத்தில் சிமெண்ட் பூசிய கரை கட்டுங்கள். அது 12 கன அடி. ஒரு கன அடிக்கு 28 லிட்டர். பேரல் அடைக்கும் இடம் போனாலும், 200 லிட்டர் முழுதும் உள்ளேயே நிற்கும். தரைக்கும் சிமெண்ட் பூசுங்கள். கரையில் ஓட்டை வைக்காதீர்கள். மேலே கூரை இருந்தால் மழைத் தண்ணீர் தேங்காது.

4. டீசல் ஊற்றும்போது குழாயைச் செருகிவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். முடியும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள்.

5. கழிவு ஆயிலை வாய்க்காலில் கொட்டாதீர்கள். கேனில் சேர்த்து, பழைய ஆயில் எடுப்பவரிடம் கொடுங்கள்.

இவ்வளவுக்கும் மீறிக் கொட்டிவிட்டால்? முதலில் பீடி, அடுப்பை அணையுங்கள். ஒழுகலை அடையுங்கள். மண்ணால் அணை போட்டு, மரத்தூள், உமி, பழஞ்சாக்கு போட்டு உறிஞ்ச விடுங்கள். வாய்க்காலில் இறங்கிவிட்டால், குறுக்கே ஒரு பலகையை மேல்மட்டத்தில் மட்டும் அமிழ வையுங்கள். தண்ணீர் அடியில் போகும். எண்ணெய் மேலே தேங்கும். அதை அள்ளிவிடலாம். சோப்புத் தூள் மட்டும் போடாதீர்கள். அது எண்ணெயைக் கரைத்துத் தண்ணீருக்குள்ளேயே அனுப்பிவிடும்.

கீழ்மடைக்காரருக்கு உடனே ஆள் அனுப்புங்கள். திட்டுவாரே என்று மறைத்தால், அவர் வீட்டுப் பிள்ளை அந்தத் தண்ணீரைக் குடித்துவிடும்.

சாக்கும் மரத்தூளும் மண்வெட்டியும் இன்றைக்கே கொட்டகையில் ஒரு மூலையில் இருக்கட்டும். தண்ணீரில் கலந்த எண்ணெயை முழுக்கப் பிரித்தெடுக்க யாராலும் ஆகாது. கலக்காமல் தடுக்க நாலு வரிசைச் செங்கல் போதும்.