சாலையோரம் யாருடைய பொறுப்பு?

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தின்போது, கிராமப் பெண்கள் எழுத்துக் கற்றதோடு சைக்கிள் விடவும் கற்றனர். பின்னர், அரசுப் பள்ளிகளில் 11-ஆம் வகுப்புப் பயிலும் பிள்ளைகளுக்கு அரசாங்கமே சைக்கிள் வழங்கலாயிற்று. சைக்கிள் கிடைத்துவிட்டது. அதை விடுவதற்குச் சாலையில் இடம் இருக்கிறதா என்பதே இனி நாம் கேட்கவேண்டிய கேள்வி.

ஒற்றை வழிச் சாலையின் தார்ப்பரப்பு வழக்கமாக 3.75 மீட்டர் அகலமுடையது. அதில் வரும் பேருந்தோ ஏறத்தாழ 2.5 மீட்டர் அகலம். ஆதலால் பேருந்து வரும்போது சைக்கிளில் செல்பவர் மண் ஓரத்தில் இறங்க நேரிடுகிறது. அவ்விடம் எந்நிலையில் உள்ளது? பழைய சாலையின்மீது மேலும் மேலும் தார் போடுவதால் சாலை உயர்கிறது. பக்கத்து மண் மழையில் கரைந்து தாழ்கிறது. இரண்டுக்குமிடையே நான்கு விரற்கடைப் பள்ளம் விழுந்துவிட்டால் போதும். இறங்கியவர் மீண்டும் ஏற முயலும்போது, சக்கரம் தார் விளிம்பை உராய்ந்துகொண்டு செல்லுமேயன்றி மேலேறாது. வண்டி சாலையின் உட்புறமாகச் சாயும். பின்னே லாரி வருமாயின் நேர்வதைச் சொல்லவேண்டியதில்லை. பிள்ளைக்குச் சரியாக விடத் தெரியவில்லை என்று நாமும் பேசி முடித்துவிடுகிறோம்!

கிராவல் கொட்டி, இறுக்கி, தார் விளிம்போடு சமமாக்குவது புதிய சாலை போடுவதுபோன்ற பெருஞ்செலவன்று. சாலை பஞ்சாயத்தினுடையதா, ஒன்றியத்தினுடையதா, நெடுஞ்சாலைத் துறையினுடையதா என்று முதலில் அறிதல் வேண்டும். பிறகு, பள்ளமுள்ள இடத்தைத் தெளிவாகக் குறித்துக் கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி, உரியவர்க்கு அனுப்பலாம்.

ஆயினும் பழி முழுவதையும் அரசாங்கத்தின்மீது சுமத்துவது முறையாகாது. அறுவடைக் காலத்தில் சாலையின் பாதியில் நெல்லும் சோளமும் காயவைக்கிறோம். வண்டிகள் ஏறாதிருக்கக் கற்களை வரிசையாக வைக்கிறோம். (இதை எழுதுபவனும் அவ்வாறு வைத்தவனே.) மாலையில் தானியத்தை அள்ளுகிறவர் கல்லை அள்ளுவதில்லை. விளக்கில்லாத சைக்கிளில் இருட்டில் வருபவருக்கு அக்கல் எவ்வாறு புலப்படும்? ஊரில் களம் இல்லாத குடியானவரை இதற்காகக் கடிந்துகொள்வதில் பயனில்லை. உலர்களம் கேட்டுப் பெறுவதே வழி. களம் இருந்தும் சாலைக்கு வருவோரை ஊரார் தடுக்கலாம்.

சைக்கிள் விடுவோர் பக்கத்திலும் கடமை உண்டு. பின்புறத்துச் சிவப்புப் பிரதிபலிப்பானைத் துடைத்து வைத்தலும், இருவர் மூவராக இணைந்து செல்லாமல் ஒருவர்பின் ஒருவராகச் செல்லுதலும் எளியவையே.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி, ஓட்டுநர் பிரேக்கில் கால் வைப்பதற்குள் கழியும் ஒரு விநாடியில் 17 மீட்டர் கடந்துவிடும். வேகம் 30 ஆனால் அத்தூரம் பாதியாகும்; பிரேக் பிடித்தபின் ஓடும் தூரமோ நான்கில் ஒரு பங்காகும். ஹாரன் ஒலித்ததோடு ஓட்டுநரின் கடமை தீர்ந்துவிடாது. அவ்வொலிக்கு அஞ்சியே பிள்ளைகள் அப்பள்ளத்தில் இறங்குகின்றனர்.