உருக்கி இணைக்கும் தொழிலும் அதன் பயிற்சியும்

உலோகத்தை உலோகத்தோடு பொருத்துதற்கு இடையே இடும் பொருளைப் 'பற்றாசு' என்பது பழைய வழக்கு. பற்றாசு உருகி இரண்டையும் பற்றிக்கொள்ளும். பொருத்தப்படும் துண்டுகளோ உருகுவதில்லை. இன்று 'வெல்டிங்' எனச் சிறுவரும் சொல்லும் தொழில் இதனின் வேறானது. அதில் இரு துண்டுகளின் விளிம்புகளும் உருகிக் கலந்து, ஆறியபின் ஒரே உலோகமாகின்றன. இரும்பு உருகுதற்கு ஏறத்தாழ 1538 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும்; மின்வில்லின் வெப்பம் அதனினும் பன்மடங்கு மிக்கது.

இவ்வேறுபாட்டைத் தமிழாசிரியனொருவன் விரித்துரைப்பதற்குக் காரணமுண்டு. விளிம்பு உள்ளே உருகிற்றா என்பதை மேற்புறம் காட்டாது. உருகாத இடமும் சிக்குண்ட கசடும் காற்றுக் குமிழும் அழகிய வரியொன்றின் கீழ் மறைந்து கிடக்கலாம். பட்டறையில் பார்த்துப் பழகிய இளைஞன் வீட்டுக் கேற்றையும் யன்னற் கம்பிகளையும் செவ்வனே செய்து தருவான். அக் கைப்பழக்கத்தை இகழ்தல் பேதைமை. ஆனால் கேற்றின் ஒட்டு விட்டால் மறுநாள் ஒட்டிக்கொள்ளலாம். கொதிகலனிலோ கப்பலின் அடித்தட்டிலோ விட்டால் உயிர்கள் போகும். அத்தகைய வேலையைக் கொடுப்போர் கண்ணை நம்பாது, ஊடுகதிர்ப் படமெடுத்தும் மாதிரித் துண்டை வளைத்து முறித்தும் பார்ப்பர்.

முறையான பயிற்சி 'ஏன்' என்பதைக் கற்பிக்கின்றது. வெல்டிங் குச்சியின் மேற்பூச்சு எரிந்து வாயுவாகி, உருகிய உலோகத்தைக் காற்றினின்று காக்கும். பின்பு கசடாகி அதனை மூடும். குச்சியில் 'ஈ 7018' எனப் பொறித்திருப்பின், 70 என்பது சதுர அங்குலத்துக்கு 70,000 இறாத்தல் இழுவைத் தாங்கும் வலிமை. 1 என்பது எந்நிலையிலும் ஒட்டத்தக்கது என்பது. ஈற்றெண் மின்னோட்டத்தோடு இயைந்த பூச்சின் வகையைச் சுட்டும். இவ்வகைப் பூச்சு ஐதரசன் குறைந்தது. மாரிகாலத்தில் பெட்டியைத் திறந்து வைத்தால் அது ஈரத்தை உறிஞ்சும். அவ்வீரத்தின் ஐதரசன் உருக்கினுட் புகுந்து, ஒட்டு ஆறிச் சில மணிநேரமோ சில நாளோ கழிந்தபின் வெடிப்பை உண்டாக்கும். வேலை முடிந்து கூலியும் வாங்கியாயிற்று. குறை அதன் பின்னரே பிறக்கின்றது! ஆதலின் இக் குச்சிகளைச் சூடான பேழையில் வைத்தெடுக்குமாறு பயிற்றுவர்.

கண்ணைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். கறுப்புக் கண்ணாடியொன்றை மாட்டிக்கொண்டு வேலை செய்வாரைத் தெருவோரத்திற் காண்கிறோம். மின்வில்லின் புறவூதாக் கதிர் தாக்கிய நோவு அப்பொழுது தெரியாது. இரவில், மணல் விழுந்தாற்போலக் கண் உறுத்தும். முகமூடியும் அதற்குரிய கருங்கண்ணாடியும் முதல்நாட் பாடம். நாகம் பூசிய குழாயை ஒட்டும்போதெழும் புகை காய்ச்சலைத் தரும் என்பதும் அவ்வாறே.

எங்கே பயில்வது? நம் நாட்டின் தேசிய தொழிற்தகைமைச் சட்டகம் ஏழு நிலைகளை உடையது. முதல் நான்கும் சான்றிதழ், ஐந்தும் ஆறும் தேசிய டிப்ளோமா, ஏழாவது பட்டம். பட்டறையிற் பல்லாண்டு உழைத்தவன் மீண்டும் வகுப்பில் அமரவேண்டியதில்லை. முன்கற்றலை மதிப்பிட்டுச் சான்றிதழ் பெறும் வழியும் உண்டு. கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016 ஆம் ஆண்டு இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் திறக்கப்பட்டபின், தொழினுட்பக் கல்விக்குத் தெற்கு நோக்கிச் செல்லும் தேவையும் குறைந்துள்ளது. இத்தனை இருந்தும், பரீட்சையில் தவறிய பிள்ளைக்கே தொழிற்பயிற்சி என்னும் எண்ணம் நம் பெற்றோரிடத்து நீங்கவில்லை. வரைபடம் வாசிக்கவும் கோணம் கணிக்கவும் கணிதம் வல்ல பிள்ளையன்றோ இங்கு வேண்டப்படுவான்?

வெளிநாட்டு வேலைக்குப் பெரிதும் கேட்கப்படுவது '6 ஜி' என்னும் தேர்வு. 45 பாகை சாய்வில் அசையாது நிறுத்திய குழாயைச் சுற்றி, நிமிர்ந்தும் குனிந்தும் அண்ணாந்தும் ஒட்டி முடித்தல் வேண்டும். சர்வதேச நியமத்தின்படி பெறும் வெல்டிங் சான்றிதழை ஆறு மாதத்துக்கு ஒருமுறை உறுதிப்படுத்தல் வேண்டும். அக்காலத்தில் அத்தொழிலைச் செய்தமைக்குப் பொறுப்பானவர் ஒருவரின் கையொப்பமின்றேல் அது செல்லாது.