லாவெண்டர் கேக்: பூ போடலாம்... வாசனை எண்ணெய் ஊற்றலாமா? வீட்டில் செய்பவர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

இன்ஸ்டாகிராம் ரீல்ஸில் வரும் அந்த இளம் ஊதா நிற லாவெண்டர் கேக்கைப் பார்த்ததும், நாமும் ஒரு தடவை செய்து பார்ப்போமே என்று தோன்றுவது இயல்புதான். ஆன்லைனில் 'லாவெண்டர்' என்று தேடினால் காய்ந்த பூ, எசென்ஸ், அரோமா ஆயில், எசென்ஷியல் ஆயில், அறைக்கு வாசனை தரும் பாக்கெட் என்று எல்லாமே வரிசையாக வந்து நிற்கும். சிக்கலே அங்கேதான். அதில் பாதிக்கு மேல் வாயில் வைக்கிற பொருளே கிடையாது.

நமக்குப் பழக்கமான ஒன்றை வைத்துச் சொன்னால் சுலபமாகப் புரியும். சர்க்கரைப் பொங்கலிலும் லட்டிலும் பச்சைக் கற்பூரம் துளியூண்டு போடுகிறோம். வாசம் நன்றாக இருக்கிறதே என்று சாமிக்குக் காட்டுகிற சூடத்தை உடைத்துப் போடுவோமா? மாட்டோம். பெயர் ஒன்று, பொருள் வேறு. லாவெண்டரிலும் கதை இதேதான்.

எது சாப்பிடுகிற லாவெண்டர்?

துளசி, புதினா, கற்பூரவல்லி எல்லாம் எந்தக் குடும்பமோ அதே குடும்பத்துச் செடிதான் லாவெண்டர். இதில் பல இனங்கள் உண்டு. சமையலுக்கு ஏற்றது 'லாவண்டுலா அங்குஸ்டிஃபோலியா' என்ற இனம். பாக்கெட்டில் இந்தப் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 'லாவண்டின்' என்ற கலப்பின வகையில் கற்பூர வாசம் கூடுதல். சோப்பு, வாசனைப் பொருள் தயாரிப்புக்குப் பெரும்பாலும் போவது அதுதான். அதைக் கேக்கில் போட்டால் சோப்பைக் கடித்த மாதிரி இருக்கும். "லாவெண்டர் எனக்குப் பிடிக்கவே இல்லைங்க" என்று சொல்பவர்களில் பலர் சாப்பிட்டது ஒன்று இந்த வகையாக இருக்கும், இல்லையென்றால் அளவு மீறிப் போட்டதாக இருக்கும்.

நல்ல லாவெண்டரின் வாசனைக்கு முக்கியக் காரணம் லினலூல் என்ற வேதிப்பொருள். இது நமக்கு அந்நியமே இல்லை. கொத்தமல்லி விதையின் வாசனைக்கும் இதுதான் பிரதான காரணம். வறுக்காத மல்லியைக் கையில் கசக்கி முகர்ந்து பாருங்கள், அந்தப் பூ வாடை லேசாகத் தெரியும்.

ஏற்காட்டில் விளையாதா?

இந்தியாவில் லாவெண்டர் என்றால் ஜம்மு பகுதியின் தோடா மாவட்டத்தில் உள்ள பதர்வாதான். சிஎஸ்ஐஆர் அமைப்பின் அரோமா மிஷன் திட்டத்தில் மக்காச்சோளம் போட்டுக்கொண்டிருந்த விவசாயிகள் பலர் அங்கே லாவெண்டருக்கு மாறினார்கள். 'ஊதாப் புரட்சி' என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். 2022-ல் அங்கே முதல் லாவெண்டர் திருவிழாவும் நடந்தது.

பதர்வா சுமார் 1,600 மீட்டர் உயரம். நம்ம ஏற்காடும் சுமார் 1,500 மீட்டர் இருக்கிறதே என்று கேட்கலாம். உயரம் மட்டும் போதாது. லாவெண்டருக்குக் கடும் குளிர்காலமும் காய்ந்த கோடையும் வேண்டும், வேரில் ஈரம் தேங்கக் கூடாது. பதர்வாவில் பனி கொட்டும், ஏற்காட்டில் மழைதான் கொட்டும். சேலம், நாமக்கல் சமவெளி வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆக, இந்தப் பக்கம் கிடைப்பதெல்லாம் வெளியிலிருந்து வருவதுதான். அதனால் பாக்கெட்டைப் படிப்பது தவிர வேறு வழியில்லை. 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண், காலாவதி தேதி, சைவத்துக்கான பச்சைக் குறி மூன்றும் இருக்க வேண்டும். அலங்காரத்துக்கு, பாட்பூரிக்கு என்று போட்டிருந்தால் அது சமையலறைக்கு வரவே கூடாது. அவற்றில் சாயமும் சேர்க்கை வாசனையும் கலந்திருக்கலாம்.

எண்ணெய் விஷயத்தில் ஏன் இவ்வளவு எச்சரிக்கை?

ஒரு கிலோ லாவெண்டர் எண்ணெய் எடுக்க ஏறத்தாழ நூறு கிலோ பூவோ அதற்கு மேலோ தேவைப்படும். அவ்வளவு செறிவு. நீலகிரித் தைலத்தை நெஞ்சில் தடவுவோம், பாயசத்தில் ஊற்ற மாட்டோம் இல்லையா? அதே கணக்குதான். 'ஃபார் எக்ஸ்டர்னல் யூஸ் ஒன்லி' என்று போட்ட எசென்ஷியல் ஆயிலும், டிஃப்யூசரில் ஊற்றும் அரோமா ஆயிலும் உணவுக்கானவை அல்ல. அரோமா ஆயிலில் வேறு கரைப்பான்களும் இருக்கக்கூடும். "ஒரே ஒரு சொட்டுதானே" என்பது ரீல்ஸில் சொல்கிற பேச்சு. கேக் சாப்பிடப் போவதோ பெரும்பாலும் குழந்தைகள்.

வீட்டில் இந்த பாட்டில் இருந்தால் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். தப்பித் தவறி குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் ஆபத்து அதிகமாகும். பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள், அல்லது 108-ஐ அழையுங்கள். கர்ப்பிணிகள், தொடர்ந்து மருந்து எடுப்பவர்கள் லாவெண்டர் பதார்த்தம் சாப்பிடும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

எசென்ஸ் வாங்குவதாக இருந்தால் உணவுக்கான ஃப்ளேவர் என்று தெளிவாகப் போட்டு, உரிம எண்ணும் இருப்பதை மட்டும் வாங்குங்கள். 'ஃபுட் கிரேடு' என்ற எழுத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

முதல் முயற்சிக்கு ஜவ்வரிசிப் பாயசம்

நேரடியாகக் கேக்கில் இறங்க வேண்டாம் என்பது எங்கள் யோசனை. சேலத்து ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது, அதிலிருந்து தொடங்கலாம். லாவெண்டர் வாசனை கொழுப்பில் நன்றாக இறங்கும், அதனால் பால் பாயசம் இதற்குப் பொருத்தம். சரியாக வரவில்லை என்றாலும் நஷ்டம் அரை லிட்டர் பாலோடு போகும்.

அரை லிட்டர் பாலைச் சூடாக்கி, ஓரத்தில் நுரை கட்டும்போதே அடுப்பை அணைத்துவிடுங்கள். ஒரு டீஸ்பூன் காய்ந்த பூவைப் போட்டு மூடி வையுங்கள். பத்து நிமிஷம், அதற்கு மேல் வேண்டாம், கசப்பு இறங்கிவிடும். பூவைக் கொதிக்க விடவும் கூடாது. வடிகட்டிய பாலை, தனியாக வேகவைத்த ஜவ்வரிசியில் சேர்த்து, சர்க்கரை போட்டு லேசாகச் சூடு காட்டினால் போதும். ஏலக்காய் வேண்டாம், இரண்டு வாசனையும் மோதிக்கொள்ளும். வெல்லமும் வேண்டாம், அது லாவெண்டரை அமுக்கிவிடும். முந்திரி போடுவது உங்கள் இஷ்டம்.

கேக்குக்கு எவ்வளவு?

வெண்ணெய், சர்க்கரை, மைதா தலா 200 கிராம், நாமக்கல் முட்டை நான்கு, பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன். இந்த அளவுக்குப் பூ ஒன்றரை டீஸ்பூன் போதும். சர்க்கரையோடு சேர்த்து மிக்ஸியில் பொடித்துச் சலித்துக்கொள்ளுங்கள். முழுப் பூவாகப் போட்டால் பல்லில் மாட்டும். முட்டை வாடையை மறைக்க லாவெண்டரைக் கூட்டுவதுதான் பலரும் செய்யும் தப்பு. அதற்கு ஒரு எலுமிச்சையின் தோலை மேலாகத் துருவிப் போட்டாலே போதும், லாவெண்டருக்கு நல்ல ஜோடியும் அதுதான். 170 டிகிரியில் 45 முதல் 50 நிமிஷம் வைத்து, குச்சி விட்டுப் பாருங்கள்.

மேலே பட்டர் கிரீம் போடுவதானால் சித்திரை வெயிலில் யோசித்துச் செய்யுங்கள். வெண்ணெய் 32 முதல் 35 டிகிரியிலேயே உருகிவிடும், ஆத்தூரிலிருந்து ராசிபுரம் போவதற்குள் கிரீம் வழிந்திருக்கும். எலுமிச்சைச் சாறும் ஐசிங் சுகரும் கலந்த மெல்லிய பூச்சு இந்த ஊருக்குத் தோது.

அந்த ஊதா நிறம் எங்கிருந்து வருகிறது?

லாவெண்டரிலிருந்து வருவதில்லை. பூவைப் பாலில் ஊறவைத்தால் பால் ஊதாவாக மாறாது. படங்களில் தெரிவது பெரும்பாலும் ஃபுட் கலர்தான். 2024 பிப்ரவரியில் ரோடமின்-பி கலந்திருந்ததால் தமிழக அரசு பஞ்சு மிட்டாயைத் தடை செய்தது நினைவிருக்கும். பெயர் தெரியாத கலர் பொடியைத் தொடவே வேண்டாம் என்பதற்கு அந்த ஒன்றே போதும்.

நிறம் வேண்டும் என்றால் வேலியில் படரும் சங்குப்பூ இருக்கிறது. மருந்து அடிக்காத ஐந்தாறு நீலப் பூவைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து, எலுமிச்சைச் சாறு சில சொட்டு விட்டால் நீலம் ஊதாவாகும். மேல் பூச்சுக்கு இது நன்றாக இருக்கும். கேக் மாவுக்குள் ஊற்றாதீர்கள். சோடா பட்டால் பச்சையாகத் திரும்பி, வெந்ததும் பாசி பிடித்த மாதிரி ஆகிவிடும்.

வீட்டிலிருந்து விற்பவர்களுக்கு

சின்ன அளவில் ஆர்டர் எடுத்தாலும் எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு வேண்டும். ஃபாஸ்காஸ் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். நீங்கள் வாங்கிய பூ, எசென்ஸ் பாக்கெட்டில் உள்ள உரிம எண் உண்மையானதா என்றும் அதே தளத்தில் பார்க்கலாம். சந்தேகம் இருந்தால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கேளுங்கள். லாவெண்டர் சேர்த்திருப்பதை ஆர்டர் எடுக்கும்போதே வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுங்கள். பிரித்த பாக்கெட்டை, அந்தப் பூ தீரும்வரை தூக்கிப் போடாதீர்கள். "இதுல என்ன போட்டீங்க?" என்று யாராவது கேட்டால் எடுத்துக் காட்ட வேண்டியிருக்கும்.