பாஸ் சொல்லாம வந்தா என்ன தெரியும், என்ன தெரியாது?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தப்பட்டுள்ளது.)

இன்னைக்கு நம்ம தலைப்பு, சர்ப்ரைஸ் விசிட்.

ஹெட் ஆபீஸ்ல இருந்து பெரிய தலை ஒருத்தர் யாருக்கும் சொல்லாம பிராஞ்ச் ஆபீஸுக்குள்ள நுழையுறாரு. அந்த நேரம் பார்த்து ஒரு மூலையில கேக் வெட்டுறாங்க, இன்னொரு மூலையில கேரம் ஓடுது, பேன்ட்ரியில நாலு பேர் சத்தமா சிரிச்சுட்டு இருக்காங்க. அவர் பத்து நிமிஷம் சுத்திப் பார்த்துட்டு, "இங்க யாரும் வேலையே பார்க்கல"ன்னு ஒரு முடிவோட கிளம்புறாரு.

அந்த முடிவு சரியா? சொல்லாம வர்றதால ஒரு மேலாளருக்கு உண்மையிலேயே என்ன தெரிய வரும்? அதைத்தான் பேசப் போறோம்.

எண்ணக்கூடியது, எண்ண முடியாதது

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். சர்ப்ரைஸ் விசிட் மொத்தமா தப்புன்னு நான் சொல்லல. வங்கிக் கிளைகள்ல திடீர்னு வந்து பணத்தை எண்ணிப் பார்க்குற வழக்கம் இருக்கு. அது சரியான முறை. கணக்குல இருக்குற தொகையும் பெட்டகத்துல இருக்குற தொகையும் ஒண்ணா இருக்கணும், அவ்வளவுதான். முன்னாடியே சொல்லிட்டா, குறையுற பணத்தை யாராவது ஒரு நாளைக்கு மட்டும் கொண்டுவந்து வச்சிடலாம். மருந்துக்கடையில காலாவதியான ஸ்டாக், ஆபீஸ்ல தீயணைப்பு சிலிண்டரோட தேதி, வருகைப் பதிவேடு எல்லாமே இந்த வகைதான். எண்ணலாம், சரிபார்க்கலாம். சொல்லாம போனாதான் உண்மை தெரியும்.

ஆனா வேலைங்கிறது அப்படி எண்ணுற பொருள் இல்ல. நம்ம பாஷையில சொல்லணும்னா, ஒரு சர்வரோட சிபியு இந்த செகண்ட்ல 5 சதவீதம் காட்டுதுன்னு வச்சுக்கோங்க. அந்த சர்வர் சும்மா கிடக்குதா, இல்ல ராத்திரி முழுக்க ஓடின பெரிய ஜாபை இப்பதான் முடிச்சுதா? ஒரு நம்பரை வச்சு சொல்ல முடியாது. கிராஃபைப் பார்க்கணும், லாக் படிக்கணும். பத்து நிமிஷ விசிட்டும் அந்த ஒரு நம்பர் மாதிரிதான்.

இதை நான் நேர்ல பார்த்திருக்கேன். ஓஎம்ஆர்ல நான் முன்னாடி வேலை பார்த்த ஒரு ஆபீஸ். வியாழக்கிழமை நள்ளிரவு ரிலீஸ் முடிஞ்சு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாரும் கேரம் போர்டைச் சுத்தி நின்னுட்டு இருந்தோம். அந்த நேரத்துல வெளியூர்ல இருந்து பெரிய மேலாளர் வந்தாரு. யாரையும் திட்டல. சிரிச்சுட்டே போயிட்டாரு. திங்கட்கிழமை போர்டு ஸ்டோர் ரூமுக்குப் போயிடுச்சு.

அந்த போர்டு பக்கத்துலதான் டெஸ்டிங் டீம் ஆளுங்க, "பேமென்ட் ஸ்க்ரீன் கொஞ்சம் மக்கர் பண்ணுது, ஒரு எட்டு பாருங்களேன்"னு டெவலப்பர்கள்கிட்ட சொல்லுவாங்க. மறுநாளே சரியாகிடும். போர்டு போனதுக்கு அப்புறம் அதே விஷயம் டிக்கெட்டா மாறி, வரிசையில நின்னு வந்துச்சு. புதுசா சேர்ந்த ஒரு பொண்ணு, அங்க நின்னுதான் சீனியர்கள்கிட்ட தயங்காம சந்தேகம் கேட்பா. அதுக்கப்புறம் கேட்கிறதையே நிறுத்திட்டா. ஆபீஸ் அமைதியாச்சு. அந்த அமைதியை மேலிடம் ஒழுக்கம்னு நினைச்சுக்கிச்சு.

பார்த்தாலே மாறிடுமா?

இந்த இடத்துல எல்லாரும் எடுத்து விடுற கதை ஒண்ணு இருக்கு. 1924-ல அமெரிக்காவுல சிகாகோ பக்கத்துல, வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தோட ஹாதார்ன் தொழிற்சாலையில விளக்கு வெளிச்சத்தை வச்சு ஆய்வு தொடங்கினாங்க. வெளிச்சத்தைக் கூட்டினா உற்பத்தி கூடுச்சு, குறைச்சாலும் கூடுச்சு, ஏன்னா தங்களை யாரோ கவனிக்கிறாங்கன்னு தொழிலாளர்களுக்குத் தெரிஞ்சிருந்தது. இதுதான் கதை. "ஹாதார்ன் எஃபெக்ட்"னு பேரும் வந்துடுச்சு.

ஆனா பொருளாதார ஆய்வாளர்கள் ஸ்டீவன் லெவிட்டும் ஜான் லிஸ்ட்டும் அந்தப் பழைய வெளிச்ச ஆய்வோட தரவுகளைத் தேடி எடுத்து, 2011-ல ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. கதையில சொல்ற அந்தப் பெரிய விளைவு தரவுல இல்ல. அதனால, "மேல நின்னு பார்த்துட்டே இருந்தா வேலை தன்னால கூடும்"னு யாராவது ஹாதார்ன் பேரைச் சொன்னா, கொஞ்சம் யோசிங்க.

நமக்குத் தெரிஞ்சு மாறுறது, நாம வெளிய காட்டுறதுதான். ஸ்கூல்ல இன்ஸ்பெக்ஷன்னா சுவருக்குப் புது சுண்ணாம்பு, பசங்களுக்கு முன்னாடியே சொல்லிக்கொடுத்த பதில். ஆபீஸ்லயும் அதேதான். செக்யூரிட்டி அண்ணன் ஒரு கால் பண்ணுவாரு, வாட்ஸ்அப் குரூப்ல "சார் லிஃப்ட்ல"ன்னு மெசேஜ் வரும், எல்லா ஸ்க்ரீன்லயும் எக்ஸெல் திறந்துக்கும். டீபக்கரை மாட்டினதும் காணாமப் போற பக் இருக்கு பாருங்க, ஹைசன்பக், அதே கதை.

சொல்லாம போய் கத்துக்கிட்டவங்க

வால்மார்ட்டைத் தொடங்கின சாம் வால்டன் பத்தி 1982-ல வந்த "இன் சர்ச் ஆஃப் எக்ஸலன்ஸ்" புத்தகத்துல ஒரு சம்பவம் இருக்கு. ஒரு நாள் தூக்கம் வரல. டோனட் வாங்கிக்கிட்டு, ராத்திரி 2.30 மணிக்குத் தன்னோட சரக்குக் கிடங்குக்குப் போய் தொழிலாளர்கள்கூட பேசிட்டு இருந்தாரு. அங்க இன்னும் ரெண்டு குளியலறை வேணும்னு அன்னைக்குத் தெரிஞ்சுது. இதுவும் சர்ப்ரைஸ் விசிட்தான். ஆனா யார் தூங்குறாங்கன்னு பிடிக்கப் போகல.

டொயோட்டாவுல "கெஞ்சி கெம்புட்சு"ன்னு ஒரு கொள்கை. அதாவது, நேரடியா அந்த இடத்துக்கே போய் உண்மையைப் பாருங்கிறது. அங்க தாய்ச்சி ஓனோ தரையில சாக்பீஸால வட்டம் போட்டு, அதுக்குள்ள ஆளை மணிக்கணக்கா நிக்க வச்சு கவனிக்கச் சொல்லுவாருன்னு சொல்வாங்க. பத்து நிமிஷம் இல்ல, மணிக்கணக்கா!

அப்போ மேலாளர் நேர்ல போனாலே நல்லதா? அதுவும் இல்ல. அனிதா டக்கர், சாரா சிங்கர்னு ரெண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவுல 19 மருத்துவமனைகள்ல, உயர் மேலாளர்கள் வார்டுகளுக்கு நேர்ல போய் பிரச்சினைகளைக் கேட்கிற 18 மாதத் திட்டத்தை ஆராய்ஞ்சாங்க. சராசரியா பார்த்தா, பலன் எதிர்மறை. "எங்க பிரிவு முன்னேறுது"ன்னு ஊழியர்கள் நினைக்கிறது குறைஞ்சுது. நல்ல பலன் கிடைச்ச இடங்கள்ல ரெண்டு விஷயம் இருந்துச்சு. சுலபமா தீர்க்கக்கூடிய பிரச்சினைகளை எடுத்து முடிச்சாங்க. அதை முடிக்கிற பொறுப்பை மேலதிகாரிகளே ஏத்துக்கிட்டாங்க.

யோசிச்சா புரியும். "என்ன குறை?"ன்னு கேட்டுட்டு ஒண்ணும் பண்ணாம போனா, கேட்காமலே இருந்திருக்கலாம்னு தோணும்.

நாம என்ன பண்ணலாம்?

பாஸ் திடீர்னு வந்தா, பதறி விண்டோ மாத்தாதீங்க. கேக் இருந்தா, "நேத்து ரிலீஸ் முடிஞ்சுது சார், அதுக்குத்தான்"னு சொல்லி ஒரு துண்டு நீட்டுங்க. அவர் பார்த்த காட்சிக்கு முன்கதை உங்ககிட்டதான் இருக்கு. அவர் ஒரு கையெழுத்துல தீர்க்கக்கூடிய பிரச்சினை ஒண்ணை எப்பவும் தயாரா வச்சிருங்க. "டெஸ்ட் பண்ண போன் மூணு பேருக்கு ஒண்ணுதான் இருக்கு"ங்கிற அளவுக்குச் சின்னதா இருந்தா போதும். அப்புறம் அதையே உங்க லீடுக்கு மெயில்லயும் போடுங்க.

நாளைக்கு நீங்களே லீட் ஆனா, வேற வேற நேரத்துல நாலு தடவை போங்க. முடிவுக்கு வர்றதுக்கு முன்னாடி, "இப்ப என்ன நடக்குது?"ன்னு ஒரு கேள்வி கேளுங்க. கேட்டதுல ஒண்ணையாவது ஒரு வாரத்துக்குள்ள முடிச்சுக் கொடுங்க. பணத்தை எண்ணணும்னா சொல்லாம போங்க. மனுஷங்களைப் புரிஞ்சுக்கணும்னா உட்கார்ந்து பேசுங்க.

உங்க ஆபீஸ்ல நடந்த சர்ப்ரைஸ் விசிட் கதையை வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. கம்பெனி பேரு மட்டும் வேண்டாம். அடுத்த எபிசோடுல பார்ப்போம்!